எங்கள் வீட்டில் ஒரு கழுதை இருந்தது

ஜூன் 3, செவ்வாய்

கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருந்த எழுத்துப் பலகை மங்கிப்போய்விட்டது. புதிது வரும்வரை அந்த இடம் சும்மா கிடப்பானேன் என்று, 'பாடு' என்னும் பிரெஞ்சு வினைச்சொல்லின் ஆறு இறந்தகால வடிவங்களையும் அட்டையில் எழுதி மாட்டினேன். மேலே கொட்டை எழுத்து, கீழே வரவரப் பொடி எழுத்து. கண்ணாடி போட வருகிறவர்களுக்குப் பரிசோதனை ஆயிற்று, எனக்குப் பாடமும் ஆயிற்று.

முதலில் வந்த அம்மா மேல் இரண்டு வரியையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாவே இருக்கே, எனக்கு ரெட்டையாத் தெரியுதா?" என்று பயந்துவிட்டார். இரண்டும் ஒன்றுதான், பிரெஞ்சில் 'நான் பாடிக்கொண்டிருந்தேன்' என்றாலும் 'நீ பாடிக்கொண்டிருந்தாய்' என்றாலும் வினைக்கு ஒரே வால்தான் என்று விளக்கினேன். அவர் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

சவரம் செய்துகொண்டே வால்களை ஒப்பித்தேன். ஏ, ஏ, ஏ, யோன், யே, ஏ. சமையலறையிலிருந்து மனைவி: "ஏங்க, யாரை அப்படிக் கூப்பிடுறீங்க?"

ஐம்பத்தெட்டு வயதில் இது எனக்குத் தேவையா? தேவைதான். பேத்திக்கு நாலு வயது, பிரெஞ்சு மட்டும்தான் பேசுகிறாள். போன மாதம் வீடியோவில் ஏதோ நீளமாகச் சொன்னாள், நான் "சபாஷ், சபாஷ்" என்று கை தட்டினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அவ கீழ விழுந்து பல்லு உடைஞ்சதைச் சொல்றா." மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பொய் சொன்னேன். ஒன்றல்ல, கொத்தாக.

டீச்சர் ஆளுக்கு ஐந்து வாக்கியம் கேட்டார்: சின்ன வயதில் வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த இறந்தகாலமே, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இது ஒன்றுதான். நடந்து முடிந்துபோன காரியங்களுக்கு வேறொரு காலம் உண்டாம், அதை நடத்திய இரண்டு வாரமும் நான் ஜலதோஷத்தில் படுத்திருந்தேன். உண்மையைச் சொல்லலாம் என்றால் அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். 'பழுதுபார்' என்பதற்கு என்னிடம் வினையே இல்லை. கையிருப்பு: இரு, வைத்திரு, தின், தூங்கு, பாடு, விழு.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு கழுதை இருந்தது. அது அடுப்படியில் தின்னும். தினமும் பாடும். கட்டிலில் தூங்கும். அடிக்கடி விழும்.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்து பெஞ்சு நர்ஸ், "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். யாரும் இல்லை, நான் ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? அண்ணன் இருக்கிறார், குத்துக்கல் மாதிரி. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். மகள் கல்யாணத்தன்று கண்ணாடியைக் காரிலேயே மறந்துவிட்டேன், எடுத்து வர அண்ணன் போனார். அவர் திரும்புவதற்குள் குடும்பப் படத்தை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாத எனக்கு யார் இருக்கிறார், யார் இல்லை என்று எங்கே தெரிந்தது? அவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கும் ரோஷம். வேண்டுமென்றா செய்தேன் என்று நானும் விறைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நர்ஸுக்குக் கழுதைமேல் பாசம் வந்துவிட்டது. கடைசியில் அது என்ன ஆச்சு என்று கேட்கிறார். கடைசியில் ஆனதைச் சொல்ல எனக்குக் காலம் தெரியாதே. அது தின்றுகொண்டே இருந்தது, பாடிக்கொண்டே இருந்தது, விழுந்துகொண்டே இருந்தது. "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் வந்துவிட்டார். வகுப்புக்கு.

கதவைத் திறந்துகொண்டு, அக்குளில் புதுப் புத்தகத்தோடு. என்னைப் பார்த்ததும் அவர் காலும் நின்றுவிட்டது. இத்தனை நாள் வீட்டிலேயே போனில் படித்தாராம், இப்போதுதான் வகுப்பில் சேர்கிறாராம். வெளிநாட்டில் தம்பி பேத்தி இருக்கிறாள், அவளோடு பேசவேண்டும் என்று டீச்சரிடம் சொன்னார். அப்படியானால் என் மகள் எனக்குத் தெரியாமல் பெரியப்பாவுக்கும் வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறாள். கள்ளி.

டீச்சர் சும்மா இருப்பாரா? "ஓ, அண்ணன் தம்பியா? தம்பி ஒரே பிள்ளைன்னு சொன்னாரே." நான் பேனா மூடியைத் திருகினேன். அடுத்து நர்ஸ் அவரிடம்: "சார், உங்க வீட்ல இருந்த அந்தக் கழுதை?"

போச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்தேன். அண்ணன் கரும்பலகையில் எழுதியிருந்த வினை வால்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார்: "ஆமாம், கழுதை இருந்தது. அது என் கட்டிலில் தூங்கும். நான் தரையில் தூங்குவேன்."

அப்படியானால் ஒரே பிள்ளை என்றது எப்படி என்று டீச்சர் விடவில்லை. அதற்கும் பிரெஞ்சிலேயே பதில் வந்தது. "ஜேத்தே லா. நான் அங்கேதான் இருந்தேன். யார் கண்ணிலும் படமாட்டேன்."

வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

மனைவியிடம் சொன்னேன். "அவரு சொன்னது கழுதையைப் பத்தி இல்லைங்க" என்றாள். தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

டீச்சர் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். பேச்சுவார்த்தை இல்லை என்பது தமிழில்தானே? பிரெஞ்சில் தாராளமாகப் பேசினோம். கழுதைக்கு என்ன நிறம், எத்தனை மணிக்குப் பாடும் எல்லாம் முடிவாயிற்று. ஒரு முறைகூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கழுதைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் செய்திருக்கிறார்: தினமும் குளிப்பாட்டினாராம்.

அவர் கண்ணாடியின் வலது காதுக்கம்பி பிளாஸ்திரி போட்டு நிற்கிறது. தம்பி கண்ணாடிக்கடை வைத்திருக்க, அண்ணன் முகத்தில் பிளாஸ்திரி. இடைவேளையில் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சட்டைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்து, புதுத் திருகாணி போட்டு, மூக்குப் பிடியையும் மாற்றி, துடைத்து வைத்தேன். அவர் வந்தார், மாட்டினார், காதைத் தொட்டுப் பார்த்தார். "மெர்ஸி, மொஸ்யூ" என்றார். நன்றி ஐயாவாம். கூடப் பிறந்தவன் நான், ஐயாவாம்.

ஜூன் 21, சனி

கடைக்கே வந்துவிட்டார். "போன்ழூர், மொஸ்யூ." நானும் "போன்ழூர், மொஸ்யூ" என்று வணக்கம் வைத்தேன். பவர் பார்க்கவேண்டும் என்று கண்ணைக் காட்டிச் சைகை செய்தார். உட்கார வைத்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு ஆறு வரியையும் மேலிருந்து கீழ்வரை தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தார். இடது கண்ணை மூடியும் அப்படியே. கடைசி வரியை எழுதிய எனக்கே அது சரியாகத் தெரியாது. அறுபத்திரண்டு வயதில் என்ன பார்வை. பவர் மாறவில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். புதுப் பிரேம் மட்டும் போட்டுவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணன் இன்று நர்ஸின் நாற்காலியில் உட்காரப் போனார். நர்ஸ் அதில் இருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

புத்தகத்தைக் கை நீட்டம் தள்ளிப் பிடிக்கிறார். டீச்சரின் கைப்பையை யாரோ வளர்க்கிற பூனை என்று நினைத்து, இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார். புதுப் பிரேம் பழகவில்லை போலிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

கடைசி வகுப்பு. எல்லோருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். பெஞ்சுகளைத் தள்ளி, உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தி, நர்ஸ் தன் போனை அலமாரிமேல் சாய்த்து வைத்தார். "பத்து எண்ணுறதுக்குள்ள அதுவே எடுத்துடும். ரெடியா?"

அண்ணன் இல்லை. கை கழுவப் போனவர் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தடவை கண்ணாடி என் மூக்குமேல்தான் இருந்தது.

"நிறுத்துங்க, ஒருத்தர் வரணும்" என்றேன். குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. பன்னிரண்டு பேரும் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார்கள். நான் ஓடினேன். கை கழுவும் இடத்தில் இல்லை. படிக்கட்டில் இல்லை. மேல்மாடியில் நம்முடையது போலவே ஒரு கதவு. உள்ளே தையல் வகுப்பு. கடைசி பெஞ்சில் அண்ணன், பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பித்தான் துளை போடுவதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

ஆறு வருடம் கழித்து அந்தச் சொல் வாயில் வந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார்.

"இது நம்ம கிளாஸ் இல்லையா?"

"இல்லைண்ணே. நம்மது கீழ."

"அதானே. எல்லார் கையிலயும் ஊசி இருக்கேன்னு பார்த்தேன்."

"கதவுல பெருசா எழுதியிருக்கே, தெரியலையா? அன்னிக்குக் கடையில ஆறு வரியும் படிச்சீங்களே."

"எங்கடா படிச்சேன்? ஒப்பிச்சேன். முதல் எழுத்தைப் பார்த்ததும் மிச்சம் தானா வந்துடுச்சு. பலகையே எனக்குச் சரியாத் தெரியலை."

"சொல்லவேண்டியதுதானே?"

"பிரெஞ்சுல எப்படிச் சொல்றதுன்னு தெரியலைடா."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கல்யாணத்துல நான் பார்க்கலைண்ணே. சத்தியமா தெரியலை. தப்பு என்னோடதுதான்" என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்து எழுந்தார். "படிக்கட்டைக் காட்டு. இதுவும் தெரியலை."

கீழே பன்னிரண்டு பேரும் அதே வரிசையில் காத்திருந்தார்கள். அவரை நடுவில் நிறுத்தினேன். "கழுதை மட்டும்தான் பாக்கி" என்றார் நர்ஸ். அண்ணன் என் தோளில் கை போட்டு, "அதுவும் வந்தாச்சு" என்றார். போன் படம் எடுத்தது அந்த நொடியில்தான்.

ஜூலை 6, ஞாயிறு

கடையில் பழைய வினை அட்டையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகையில் அண்ணனைப் படிக்க வைத்தேன். மூன்றாம் வரியிலேயே தடுமாறினார். இரண்டு கண்ணுக்கும் பவர் ஏறியிருக்கிறது. வில்லை வெட்டி மாட்டிக் கொடுத்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுட்டியாடா?" என்றார்.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு. மகள் வீடியோவில் வந்தாள், பேத்தியும் வந்தாள். கழுதைக் கதையைச் சொன்னோம், அது எங்கே தூங்கும் என்று பேத்தி கேட்டாள். என் கட்டிலில் என்றேன் நான். இல்லை, என் கட்டிலில் என்றார் அண்ணன். அரை மணி நேரம் அவளுக்கு முன்னால் பிரெஞ்சில் சண்டை போட்டோம். இல்லாத கழுதைக்கு இப்படி ஒரு சண்டையா என்று மனைவி இலக்கணமே இல்லாமல் தமிழில் திட்டிவிட்டு, தட்டு வைத்தாள்.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.