கிறிஸ்மஸ் தாத்தாவின் சட்டை

டிசம்பர் 6, சனி

முதல் ஷிப்ட் முடிந்து வல்லம் வடகாலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், வாசலிலேயே மகள் நிலா மறித்துக்கொண்டாள். தெருவில் எல்லார் வீட்டிலும் நட்சத்திரம் கட்டிவிட்டார்களாம், நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லையாம். எட்டு வயசுக்கு என்ன அதிகாரம். நாலு வயசு நிலவன், அக்கா சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறான்.

வீட்டுக்காரர் சாம்சனிடம் கேட்டேன். "கிருபா வருது இல்ல? இந்த வருசம் வேணாம்" என்றார். கிருபா அவருடைய தங்கை. அவள் புருஷன் உதயன் அண்ணன் ஜூன் மாசம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. சாவு நடந்த குடும்பத்தில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை. நட்சத்திரம் இல்லாத வீட்டுக்கு, தெருத்தெருவாகப் பாடி வரும் கேரல்ஸ்காரர்களும் வர மாட்டார்கள், மேளத்தை நிறுத்திவிட்டுத் தாண்டிப் போவார்கள்.

வீடு இருட்டாக இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா? தெரியவில்லை. நானும் சரி என்றுவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கத்து ஈசாக்கு தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, தாத்தா டிரஸ்ஸு கிருபா அக்காகிட்டதான் கீது. எப்டிக் கேக்குறதுனு தெர்ல."

இத்தனை வருஷமாக எங்கள் சர்ச்சுக்கு உதயன் அண்ணன்தான் கிறிஸ்மஸ் தாத்தா. சிவப்புச் சட்டை, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடி. இடது காலைத் தூக்கி மூன்று குதி, ஒரு சுற்று — அவர் டான்ஸ் அவ்வளவுதான், ஆனால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். முகமூடிக்குள் யார் என்று சின்னப் பிள்ளைகளிடம் யாரும் மூச்சு விடுவதில்லை. அவர் மகன் கார்முகிலுக்கே தெரியாது. கேரல்ஸ் அன்றைக்கு அப்பா ஓ.டி. பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் கிருபா சொல்லுவாள்.

நான் வாங்கித் தருகிறேன் என்று ஈசாக்கிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு எதற்கு இந்தப் பெரிய மனுஷி வேலை?

டிசம்பர் 20, சனி

கிருபா தண்டலத்திலிருந்து வந்துவிட்டாள். அண்ணன் போனபிறகு அங்கே ஒரு கல்லூரி கேன்டீனில் வேலை. கையில் ஒரு பை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசு கார்முகில். குன்றத்தூரிலிருந்து சாம்சனின் பெரியம்மா தாயாரம்மாள், மகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு ஆட்டோ நிறைய. இருப்பது ஒரே பாத்ரூம். தண்ணீர் மோட்டார் ஓயவே இல்லை. அச்சு முறுக்கு சுடச்சுட எண்ணெய்ச் சட்டியிலிருந்தே காணாமல் போகிறது.

கிருபா உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. புதுத்துணிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம். போனில் பாட்டுப் போட்ட நிலவனைப் பெரியம்மா மண்டையில் தட்டினார். கிருபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டில் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி. கார்முகில் துணியையும் சேர்த்துப் போடலாம் என்று கிருபாவின் பையைத் திறந்தேன். அந்தச் சிவப்புச் சட்டை கவரில் சுற்றி இருந்தது. கழுத்தெல்லாம் அழுக்கு, வேர்வை வாடை. ஈசாக்கிடம் கொடுக்க வேண்டியதுதானே, சுத்தமாகக் கொடுப்போம், அவளுக்கும் வேலை மிச்சம் என்று சோப்புத் தூளில் ஊறப்போட்டுக் கும்மிவிட்டேன். சாயம் போய் அங்கங்கே வெளுத்துப்போனது. அதுகூடப் பரவாயில்லை.

கொடியில் போடும்போது கிருபா வந்தாள். ஈரச் சட்டையை இழுத்து முகத்தில் வைத்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"அவரு வாசன இதுல மட்டுந்தான் இருந்துச்சு அண்ணி. மத்ததெல்லாம் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்? நல்லதுதானே செய்யிறோம்னு எதுலயும் கைய வுட்டுடறது. எப்பவும் இதே பொழப்பு எனக்கு. சாம்சனிடம் சொல்லி அழுதேன்.

டிசம்பர் 22, திங்கள்

"போதும் அண்ணி" — சோறு போடும்போது கிருபா என்னிடம் பேசியது இவ்வளவுதான். நாளைக் காலை தண்டலத்துக்கே திரும்புகிறாளாம்.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் படுக்க முடியாது.

காலையில் கிருபா பையோடு கிளம்பி நின்றாள். கார்முகில் கேட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நான் வரல. சாய்ங்காலம் தாத்தா வருவாரு."

"இந்த வருசம் தாத்தா வர மாட்டாருடா" என்றார் பெரியம்மா.

"ஏன்? செத்தது எங்கப்பாதான? தாத்தாவுக்கு இன்னா ஆச்சி?"

பெரியம்மாவே திரும்பி நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நாங்கள் இத்தனை பெரியவர்கள் கூடி, அப்பா போன அந்தப் பிள்ளையிடமிருந்து தாத்தாவையும் பறிக்கப் பார்த்திருக்கிறோம்.

கிருபா பையைக் கீழே வைத்தாள். "அண்ணா, நட்சத்திரத்த எங்க வச்சிக்கீற?"

"ஏண்டி, ஊரு இன்னா சொல்லும்?" என்று பெரியம்மா இழுத்தார்.

"சொல்லட்டும் பெரியம்மா. என்னால இந்த வூடு இருட்டா கெடக்க வேணாம்."

சாம்சன் பரண் மேலே ஏறினார். ஒரு முனை கிழிந்திருந்தது, நிலா டேப் ஒட்டினாள். பிள்ளைகள் எல்லாரும் ஒயரைப் பிடித்துக்கொண்டு செய்த அமர்க்களத்தில் பல்பு உடையாமல் தப்பியதே பெரிசு.

சாயங்காலம் கிருபா கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள். "ஈசாக்குகிட்ட நானே குடுத்துட்டு, அப்டியே ஜெபம் பண்ணிட்டு வரேன்." நானும் வரட்டுமா என்றேன். "வேணாம் அண்ணி" என்றாள். வாசலில் கிடந்த என் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஏழு மணிக்கு மேளம் வந்தது. எங்கள் வீட்டு முன்னால் நின்றது. தாத்தா வந்தார். சட்டை தொளதொளவென்று, நான் வெளுத்த திட்டுக்களோடு. இடது காலைத் தூக்கி மூன்று குதி, ஒரு சுற்று.

வேறு யார் இப்படி ஆடுவார்கள்? காலைப் பார்த்தேன். வாரில் ஊக்கு குத்திய என் நீலச் செருப்பு.

"இன்னாய்யா தாத்தா, துன்னலியா நீ? நல்லா குதிச்சி ஆடு" என்று பெரியம்மா அதட்டினார். தாத்தா இன்னும் உயரக் குதித்தார். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சாக்லேட் கொடுத்து கை குலுக்கிய தாத்தா, கார்முகிலை மட்டும் தூக்கிக்கொண்டார். பாட்டு முடிந்து மேளம் அடுத்த தெருவுக்குத் திரும்பியபிறகுதான் இறக்கிவிட்டார்.

கிருபா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. கார்முகில் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். "எங்கம்மா போன நீ? தாத்தா வந்துட்டுப் போய்ட்டாரு. ரொம்ப எளச்சிட்டாரும்மா, பாவம்."

"அப்டியா? அடுத்த வருசம் நல்லா சாப்ட்டு வரச் சொல்லலாம்."

என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

நாலு கிலோ பிரியாணி. பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாளுக்குத் தட்டு கொடுத்தாயிற்று. நிலவன் புதுச்சட்டையில் கேக்கை அப்பிக்கொண்டான். காலும் கையும் கழன்றுவிட்டது, தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

கிருபாவும் கார்முகிலும் கிளம்பினார்கள். பஸ் ஏறப் போகும் முன் கிருபா பையைத் திறந்து அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஈசாக்குகிட்ட சொல்லிட்டேன், இது இனிமே என்கிட்டதான் இருக்கும்னு. ஒரே வேர்வ நாத்தம். தொவச்சி வைங்க அண்ணி, பொங்கலுக்கு வந்து எடுத்துக்கிறேன்."

மத்த துணியோடு போடவில்லை. தனி பக்கெட்டில், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன்.