லிங்கன் தெரு இறக்கத்தில் கொக்கி ஆணி

அன்பு மகள் மாரெனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், ஒரே போர்ட்லண்டில் இரண்டு முகவரிகளில் நலம். நீயும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிர்காற்றில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அதில் ஒன்றரைப் பக்கத்துக்கு, புதிய பேட்டரி சைக்கிளின் பின்னால் மாட்ட எந்த டிரெய்லர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஓரமாக, பொடி எழுத்தில், “நீயும் அப்பாவும் நிஜமாவே பிரிஞ்சுட்டீங்களாம்மா?” என்று ஒரு வரி. கேள்விகளை இந்த வரிசையில் கேட்க உன் அப்பாவின் மகளால்தான் முடியும். நானும் அதே வரிசையில் பதில் சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் டிரெய்லர். கடையில் ஒற்றைச் சக்கர டிரெய்லரைக் காட்டி மயக்குவார்கள். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு அது சரி, நீ போகப்போவது மளிகைக் கடைக்கு, ஆகவே நிறுத்தினால் சாயாமல் நிற்கிற இரட்டைச் சக்கரம் போதும். புதிதாக வாங்காதே. குழந்தையை வைத்து இழுக்கும் துணி டிரெய்லர்கள் இருக்கின்றனவே, அந்தக் குழந்தைகள் பெற்றோரோடு பேச மறுக்கும் வயதுக்கு வந்ததும் அவை விலைக்கு வரும். ஒன்றை வாங்கித் துணியைக் கழற்றிவிட்டு அடியில் ஒட்டுப்பலகை பொருத்திக்கொள். பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் கம்பி போட்ட சக்கரமாக மாற்று. உன் சைக்கிளில் மோட்டார் பின்சக்கரத்திலேயே இருக்கிறது, டிரெய்லரை மாட்டுகிற கொக்கித் தகடு ஏதோ ஒன்றை அந்த அச்சில் செருகினால் நட்டுக்குப் பிடிக்க மரை போதாமல் போகும், ஒருநாள் சக்கரம் உன்னை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றப் போய்விடும். அந்த அச்சின் கனத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ற தகடு கேட்டு வாங்கு. கனமான சாமானை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வை, பின்னால் வைத்தால் இறக்கத்தில் அது வாலை ஆட்டும், நீயும் கூடவே ஆடுவாய். மோட்டார் எதையும் இழுத்துவிடும், ஆனால் நிற்க வேண்டியது பிரேக்கால் என்பதை மறந்துவிடாதே. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு சக்கரமும் அதற்குப் பின்னால் உன் அப்பாவுமாக இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆமாம். சண்டையெல்லாம் இல்லை, சண்டை போட வேண்டுமானால் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். ஊரில் யார் வீடு மாறினாலும் சாமான்களை சைக்கிளிலேயே இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தக் கூட்டத்துக்கு உன் அப்பாதான் தளபதி, உனக்குத் தெரியாததில்லை. சனிக்கிழமை என்றால் யாரோ ஒருவரின் சோபாவுக்கு அவர் சொந்தம். போன வருடம் எங்கள் கல்யாண நாளில் முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரின் குளிர்சாதனப் பெட்டியைப் பாலம் தாண்டி இழுத்துக்கொண்டிருந்தார், சாயங்காலம் வந்து அதில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று எனக்கு நல்ல செய்தி சொன்னார். ஜனவரியில் ஒருநாள், செல்வுட் பகுதியில் எனக்கு ஒரு சின்ன ஃபிளாட் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். கையிலிருந்த சூப்பைக் குடித்து முடித்துவிட்டு, “எத்தனை பெட்டி வரும்?” என்று கேட்டார். லாரிக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். அப்போதுதான் முகம் மாறியது. “லாரியா? என் பொண்டாட்டி சாமான் லாரியில போறதா? அப்புறம் நான் ஊருக்குள்ள தலைகாட்ட வேண்டாமா லெனோர்?” என்றார். பெண்டாட்டி போவதில் ஆட்சேபணை இல்லை, லாரியில் போவதுதான் மானக்கேடு.

அதனால் சென்ற சனிக்கிழமை தூறலில் கூட்டம் முழுவதும் டிரெய்லர்களோடு நம் வாசலில் வந்து நின்றது. வீடு மாறுகிறவர் காலையில் காபியும் டோனட்டும், முடிந்ததும் பீட்சாவும் பீரும் தர வேண்டும் என்பது இவர்கள் சட்டம், புருஷனை விட்டுப் போகிற நாளில் யார் எதைத் தருவது என்று அதில் சொல்லவில்லை. டோனட் அவர் வாங்கினார், பீட்சா என் பொறுப்பு. படகு போல நீளமான டிரெய்லர் வைத்திருக்கும் டெஸ்மண்டை உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் வாயில் டோனட்டோடு சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா கர்ட், எல்லாம் லெனோர் பேர் போட்ட பெட்டியாவே இருக்கு, உன் பெட்டியெல்லாம் அடுத்த நடையா?” என்று கேட்டார். உன் அப்பா ஒரு வாரை இறுக்கிக்கொண்டே, “என்னுது வரல. அவ மட்டுந்தான்” என்றார். கூட்டத்தை அழைக்கும்போது இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல மறந்திருக்கிறார். பிறகு டெஸ்மண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சரி, அப்ப அந்தப் புஸ்தக அலமாரி எனக்கு” என்று குனிந்தார். அந்த மனிதரைப் பற்றி நான் இதுவரை சொன்ன கிண்டல்களில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எனது வால்நட் மர மேசையை அப்பா தன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டார், வேறு யாரையும் தொடவிடவில்லை. கிளம்புமுன் வழக்கம்போல வரிசை நெடுகப் போய் ஒவ்வொருவர் கொக்கியையும் தொட்டு, “ஆணி?” என்று கேட்டார். டிரெய்லரின் இழுதண்டு கொக்கியிலிருந்து நழுவாமல் குறுக்கே செருகும் அந்த விரல் நீள ஆணியைத்தான். ஒவ்வொருவரும் “இருக்கு!” என்று கத்தினார்கள். கேட்டு முடித்ததும் தன் சைக்கிளில் ஏறி முன்னால் போனார், அவருக்குப் பின்னால் என் சைக்கிளில் நான். லிங்கன் தெரு இறக்கத்தில் முதல் வேகத்தடையில் அவர் டிரெய்லர் ஒரு துள்ளுத் துள்ளியது, தண்டு கொக்கியை விட்டு வெளியே வந்தது. மேசை இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம் வந்தது. தண்டையும் சைக்கிளையும் சேர்த்துக் கட்டிய காப்பு வார் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது, இரண்டு விரல் அகலத் துணிப்பட்டை. அது அறுந்திருந்தால் மேசை கீழே குறுக்குத் தெருவில் வருகிற கார்கள் மேல் போயிருக்கும், பின்னாலிருந்து அது தள்ளியிருந்தால் அவரும் போயிருப்பார். அவர் பதறாமல், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, காலை ஊன்றி நின்றார். கொக்கியைப் பார்த்தார். ஆணி இல்லை. மழைக்கோட்டுப் பைக்குள் கைவிட்டார், அங்கே இருந்தது.

டெஸ்மண்ட் வந்து பார்த்துவிட்டு, “யோவ் கர்ட், நீயா! ஆணி ஆணின்னு எங்க உயிர எடுப்பியேய்யா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து ஆணியைத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார், இரண்டு தடவையும் தவறியது. நான் இறங்கிப்போய்த் தண்டைத் தூக்கிப் பிடித்தேன், அவர் செருகினார். “நான் எப்பவும் பாத்துருவேன் லெனோர்” என்றார். தெரியும் என்றேன். தெருவில் நின்று பேசுகிறவர்கள் இல்லையே நாங்கள், சைக்கிளில் ஏறிக்கொண்டோம்.

மேசை ஜன்னலோரம் வந்துவிட்டது, அதில்தான் இதை எழுதுகிறேன். பீட்சா முடிந்து எல்லோரும் போன பிறகு அப்பா தன் டிரெய்லரை என் வாசல் தூணில் பூட்டினார். “மளிகைக்கு வேணுமே உனக்கு” என்றார். பார்த்தால் என் சைக்கிளில் கொக்கித் தகடு முன்பே மாட்டியிருக்கிறது, எப்போது மாட்டினாரோ. புதுத் தகடு, நட்டு தளரும், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை யார் வீட்டு சோபாவாவது காத்திருக்குமே என்றேன். “வரலைன்னு சொல்லிட்டேன்” என்றார். நட்டு முடுக்க எனக்குத் தெரியும், அதற்கான ஸ்பேனர் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. பத்து மணிக்கு வரச் சொன்னேன். இதை வைத்து நீ கோட்டை கட்டாதே. நான் புள்ளியியல் படித்தவள், ஒரு சனிக்கிழமையை வைத்து எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வை, டிரெய்லர் டயரில் வாரம் ஒருமுறை காற்றுப் பார், காப்பு வார் ஓரம் பிய்ந்தால் யோசிக்காமல் மாற்று. எடுத்த காரியம் தடையின்றி நடக்க அம்மாவின் ஆசிகள், சாலையில் வருகிறவர்களுக்கு உன்னிடமிருந்து காப்பும் கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. என்னைப் பற்றிக் கேட்காதே, பதில் சொல்ல மாட்டார். டிரெய்லரைப் பற்றிக் கேள், ஒரு மணி நேரம் சொல்வார், பொறுமையாகக் கேட்டுக்கொள். போனை வைக்குமுன் மறக்காமல், “ஆணி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர் ஊரில் எல்லோரையும் கேட்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
லெனோர்
(புது முகவரி உறையின் பின்பக்கம். பழைய முகவரியையும் அடித்துவிடாதே.)