பின்னிக்குப் பிறகு வரும் பெயர்

பொன்னி அம்மாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. செஞ்சியில் வெயில்தான். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அங்கே உன் அம்மா வீட்டில் தூக்கம் வருகிறதா?

நம் மகளின் காரியம் முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம் போனேன். அவளுக்குப் படிப்பு வர நீ கட்டிய பாட்டைத்தான் ஒண்ணாம் வகுப்புக்கும் நடத்திக்கொண்டிருந்தேன்.

ரெட்டைச் சடை பின்னி
கோட்டை போறா பொன்னி

இன்று பலகையில் கடைசி வார்த்தை எழுத வரவில்லை. மீனா என்று போட்டுவிட்டேன்.

எப்போதும் பலகையைப் பார்க்காமலே ஒப்பிக்கும் செங்கேணி, பாதியில் நிறுத்தி, "மீ... னா" என்று எழுத்துக்கூட்டினாள். முதல் தடவையாகத் தானே படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பொன்னி எங்க சார்?" என்றாள்.

அழித்துவிட்டுப் பொன்னி என்று எழுதினேன்.

மணி அடித்த பிறகும் பலகையைத் துடைக்கவில்லை. கணக்கை வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன்.

இப்படிக்கு,
அவள் நைனா