மூன்றாம் பெஞ்சின் சமாதானம்

சனி, தவக்காலம் 2ஆம் வாரம்

காலையிலேயே வெயில். மணலிப் பக்கத்துக் காற்று, மூக்கெல்லாம் கேஸ் நாற்றம். கால் வீக்கம் பரவாயில்லை. வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, மெழுகுவர்த்தி, வஞ்சிரம். (வஞ்சிரம் வேண்டாம். தவக்காலம். நெத்திலி போதும்.)

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

சிலுவைப்பாதை முடிந்து அன்பியக் கூட்டம், இந்த முறை மைக்கேல் வீட்டில். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அத்தனையும் ஆஜர். அவன் பேத்தி மெர்சிக்குப் பேசி வைத்திருக்கும் எம்.கே.பி. நகர் மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஃபாதர் கேட்டார், "ஆபத்துல கடவுள் துணை நின்ன அனுபவம் யாராவது சொல்லுங்க." என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? துறைமுகத்தில் புயல் அடித்த கதையைச் சொன்னேன். அலை தென்னை மர உயரம். கப்பல் கயிறு கரைத்தூணில் சிக்கிக்கொண்டது. நான் ஒற்றை ஆள், கோடாலியைக் கவ்விக்கொண்டு தவழ்ந்து போய் கப்பல் கரையில் மோதி உடைவதற்குள் நாலு கயிற்றையும் வெட்டி அதைக் கடலுக்கு அனுப்பினேன். (போன வருஷம் மூன்று கயிறு என்றேனாம், என் பெண்டாட்டி பிலோ சொல்கிறாள். நாலுதான்.)

முப்பது வருஷமாகச் சொல்கிற கதை. முப்பது வருஷமும் மைக்கேல் என் வலப்பக்கம் உட்கார்ந்து தலையாட்டுவான். "ஆமாம்பா" என்பான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஒரே வின்ச்சில் வேலை பார்த்தவர்கள். கோயிலிலும் ஒரே பெஞ்ச், முன்னாலிருந்து மூன்றாவது, தூண் ஓரம்.

நேற்று தலையாட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"வெட்னது நானுடா சவரி."

அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தார். எனக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஒருவரும் இல்லை.

துரோகி. இனி இந்த நோட்டில் அவன் "மை." மட்டும்தான். முழுப் பேர் அவனுக்கு ஒரு கேடா.

ஞாயிறு, 3ஆம் வாரம்

புழுக்கம். கோயிலில் எங்கள் பக்கத்து ஃபேன் ரிப்பேர்.

இடத்தை நான் ஏன் விட வேண்டும்? மூன்றாம் பெஞ்சிலேயே நின்றேன். மை.யும் வந்து நின்றான், மானம் இல்லாமல். பாவத்தை ஒத்துக்கொண்டு மூன்று முறை மார்பில் தட்டும் இடத்தில், என்னைப்போல் ஓங்கித் தட்டுகிறவன் இராயபுரத்திலேயே கிடையாது. பின் வரிசைவரை கேட்டிருக்கும். இன்றைக்கு அவனுக்கும் சேர்த்துத் தட்டினேன்.

பரலோக மந்திரம் முடிந்ததும் ஃபாதர் சொன்னார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று. முன்னால் கும்பிட்டேன். பின்னால் கும்பிட்டேன். இடப்பக்கம் கும்பிட்டேன். தூணில் இருக்கும் அந்தோணியார் சொரூபத்துக்கும் பெரிய கும்பிடு. வலப்பக்கம் மட்டும் இல்லை. மை. கை கூப்பியபடியே நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பாட்டு ஆரம்பித்த பிறகுதான் இறக்கினான்.

நற்கருணை அப்பம் வாங்கினேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டீ குடித்த பிறகும் ஒட்டினமாதிரியே இருந்தது.

டீக்கடை பாய் கேட்டார், "இன்னா மாமு, ஒண்டியா வந்துகினு கீற? தோஸ்து எங்க?"

"செத்துட்டான் பாய்."

"அடப்பாவி. இப்பத்தான வணக்கம் வச்சினு போனாரு!"

புதன்

பென்ஷன் படிவம், ஜெராக்ஸ் இரண்டு. செருப்பு வார் தைத்தது. மை. வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனதில் முட்டி வலி. அதுவும் அவன் கணக்கில்தான்.

ஃபாதரைப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, பொறுமைசாலி.

"ஃபாதர், பூசையில அந்தச் சமாதானம் எதுக்கு? நேரா நற்கருணைக்குப் போயிட்டா டைம் மிச்சம் இல்ல?"

சிரித்தார். "அது உங்க சமாதானம் இல்ல ஐயா. ஆண்டவரோடது. பீடத்திலேர்ந்து வருது, நீங்க வாங்கிப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கீங்க. அதுக்குப் பெறவுதான் பந்தி."

"பக்கத்து ஆள் துரோகியா இருந்தா?"

"அந்தப் பந்தியில மொதல்லயே காட்டிக்கொடுத்தவன் ஒருத்தன் இருந்தானே. அவனுக்கும் பரிமாறினாரு."

வழியெல்லாம் யோசித்தேன். துறைமுகத்தில் மூட்டை கைமாற்றுவது போல. சரக்கு நம்முடையது இல்லை. வாங்கு, கொடு. நடுவில் ஒருவன் கையை இழுத்துக்கொண்டால் மூட்டை தண்ணீரில். திரும்பிப் போய் இதை ஃபாதரிடம் சொன்னேன். அசந்துபோனார். ரோமாபுரிக்கே எழுதப்போவதாகச் சொன்னார். (எழுதி வையுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.)

இருந்தாலும் மை.க்குக் கொடுக்க என் கை நீளாது. முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டுச் சபை நடுவில் கவிழ்த்தவன்.

ஞாயிறு, 4ஆம் வாரம்

மேகமூட்டம். மீஞ்சூரில் மகள் வீடு. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை, பஸ் நகரவே இல்லை. பூசைக்குப் பாதியில் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊர்க் கோயிலில் சமாதானம் சுலபம். எல்லாரும் அன்னியர். நாலு பக்கமும் தாராளமாகக் கும்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காலி மூட்டை கைமாற்றியது போல.

வெளியே ஸ்கூட்டரில் ஒருவர் மனைவிக்காகக் காத்திருந்தார். புயல் கதையை எடுத்துவிட்டேன். கயிறு ஐந்தாகிவிட்டது. நல்ல கட்டம் வந்ததும் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினேன். அங்கே வேப்பமரம்.

"அப்டியா பெர்சு? சரி, வூட்டுக்காரி வந்துட்டா" என்று கிளம்பிவிட்டார்.

தலையாட்ட அவன் இல்லாமல் கதை எடுபடவே இல்லை. கதையையும் சேர்த்துத் திருடிவிட்டான் மை.

வெள்ளி

பிலோ நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று சட்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ், போதும். முப்பது வருசமா அவன் செஞ்சத உன் பேர்ல சொல்லிகினு கீற. ஒரு நாளு வாயத் தொறந்தானா?"

"இப்ப மட்டும் ஏன் தொறந்தான்?"

"அன்னிக்கு நீ இன்னா சொன்ன? சம்பந்தி வூட்டாளுங்க முன்னால, 'இந்த மைக்கேலு செருப்பக்கூட வுட்டுட்டு ஓட்னான் பாரு'ன்னு சொல்லல?"

சொன்னேன். சனிக்கிழமை எழுதும்போது விட்டுப்போன வரி. ருசிக்காகச் சேர்த்தது. எல்லாரும் சிரித்தார்களே.

"மெர்சி மூஞ்சியப் பாத்தியா?"

பார்க்கவில்லை. சிரிக்கிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கட்டியவளும் இப்போது அந்தப் பக்கம். கூட்டணி.

சாப்பிடவில்லை. (இரண்டு கரண்டி.)

ஞாயிறு, 5ஆம் வாரம்

கடல் காற்று. கால் வீக்கம் அதிகம்.

இந்த வாரத்திலிருந்து கோயிலில் சிலுவை, சொரூபம் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். அந்தோணியாரும் மூடிக்கொண்டார். திரும்பிக் கும்பிட ஆள் இல்லை. வலப்பக்கம் காலி. மை. கடைசி பெஞ்சில், வாசல் ஓரம்.

சமாதானம் சொல்லச் சொன்னார்கள். கால் தானாக நடந்தது. ஒன்பது பெஞ்ச். எல்லாத் தலையும் திரும்பியது. போய்ச் சேர்வதற்குள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். கை கூப்பினேன்.

"சமாதானம், மைக்கேலு."

"பாட்டு போட்டாங்கடா. போ, போய் நில்லு."

போகவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், எதிரில் கை இல்லை. அந்தப் பாட்டு இவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரியும். கடைசி வரியில் கை கூப்பினான். முகத்தைப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் பக்க வாசல் வழியாகப் போய்விட்டான்.

டீக்கடையில் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

வெள்ளி அன்பியம் எங்கள் வீட்டில். எம்.கே.பி. நகர்க்காரர்களையும் கூப்பிடச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் பிலோ.

"கதை சொல்ல."

முறைத்தாள். முறைக்கட்டும். முதலில் இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கயிறு. வெட்டியது மைக்கேல். செருப்பை விட்டுவிட்டு ஓடியது நான். மறுநாள் காலை மைக்கேல் அதைத் தேடி எடுத்து, மணலைத் தட்டி, எல்லாரும் பார்க்க வேண்டாமென்று தன் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்து என் கால் பக்கத்தில் வைத்தான்.