சத்தம் போடாத பறவை

சித்திரை, சனிக்கிழமை இரவு

எங்கள் குடும்ப வரலாற்றின் போக்கை மாற்றக்கூடிய தீர்மானம் ஒன்றை இன்று மாலை எடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கடையில், கூண்டு நிறைய இருந்த லவ் பேர்ட்ஸில் நீல நிறப் பறவை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இதுவரை எங்கள் வீட்டில் கொசுவைத் தவிர பறக்கும் எதுவும் தங்கியதில்லை.

மற்றவை கத்தின, ஒன்றையொன்று கொத்தின. நீலம் மட்டும் மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. வகுப்பில் பேசாத பிள்ளைகளுக்கே நன்னடத்தைச் சான்று எழுதிப் பழகிய கை, தயங்காமல் அதைக் காட்டியது.

"எப்பா, அது ஏன் இப்படி உப்பிப்போயி இருக்கு?" என்றாள் மகள் ஜெனி.

"குளிருதோ என்னமோ" என்றேன். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

கடைக்காரன் என் பழைய மாணவன். வாய் ஓயாமல் பேசியதற்காக நான் பலமுறை பெஞ்சு மேல் ஏற்றியவன். "சாருக்கு அன்னைக்கும் சத்தம் ஆகாதுல்லா! கொண்டு போங்க சார், வீட்ல ஒரு சத்தம் கேக்காது" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு சத்தம் கேட்கவில்லை.

நாளை சர்ச் முடிந்ததும் பறவையைப் பார்க்கத் தோழிகளை வரச் சொல்லியிருக்கிறாள் ஜெனி. "விடிஞ்சா கத்தும்லாப்பா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். கத்தும் என்றேன்.

பிறகுதான் போனில் படித்தேன். நோய் கண்ட பறவைதான் இறகை உப்பிக்கொண்டு அசையாமல் இருக்குமாம். வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பக்கம்.

வைத்த தினை அப்படியே இருக்கிறது. பறவை குச்சியிலிருந்து இறங்கி, கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது.