சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப்

என் அன்பு அக்கா,

உன் செந்தூல் அடுக்குமாடி வீட்டுச் சுவர் நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

மூன்று வருஷம் சொன்னாய். "ரூம்ல ஊம்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குடா தம்பி." ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே காலம் தள்ளியவள் நீ. நான் என்ன செய்தேன்? கிள்ளானில் என் வீட்டிலிருந்து வந்து பத்து நிமிஷம் நின்றேன். போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டு அளந்தேன். "முப்பது டெசிபல்தான் காட்டுது. ரொம்ப அமைதி லா. தனியா இருக்கே, அதான் பிரமை" என்றேன். மேனேஜ்மென்ட் ஆபீஸ்காரன் சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்ததும் நான்தான். நீ படுக்கையை ஹாலுக்கு இழுத்துக்கொண்டாய். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன்க்கா விட்டாய்? என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

மாரடைப்பில் நீ போன பிறகு, வீட்டைக் காலி செய்ய வந்தேன். மத்தியான நேரம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரூமில் முன்பு உன் கட்டில் கிடந்த மூலையில் சுவரோடு தலையைச் சாய்த்தேன். பல் வரைக்கும் அதிர்ந்தது.

மறுவாரம் சத்தம் அளக்கிற இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். "போன் ஆப்ல இந்த மாதிரி தாழ்ந்த அடிச்சத்தம் சரியா விழாது, அங்கிள்" என்றார். தன் மீட்டரில் அதற்கான அளவைக்கு மாற்றியதும் எண் ஐம்பதைத் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பம்ப். அடியில் ரப்பர்கூட வைக்காமல் நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

ஆபீஸில் போய்க் கத்தினேன். நேற்று நாலு ரப்பர் கட்டை வைத்தார்கள். அரை நாள் வேலை, அக்கா! "இப்போ ஓகேதானே, பாஸ்?" என்று கேட்கிறான் அந்த மேனேஜர். யாருக்கு ஓகே?

கீழ்வீட்டுச் சீன ஆன்டி லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கேட்டதாம். வயசாகிவிட்டது என்று மகன் சொன்னானாம். அதோடு அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். ஒரே சத்தத்தை மேலும் கீழுமாக இருந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கியிருக்கிறீர்கள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம். இனி யாராவது என்னிடம் "எனக்குக் கேக்குது" என்றால், அவர்கள் படுக்கிற இடத்தில் நானும் படுத்துக் கேட்பேன். இது உன் மேல் சத்தியம்.

கூடப் பிறந்தும் உன்னை நம்பாத
தம்பி மணியம்