கூரை பேசிய செவ்வாய்க்கிழமைகள்

மார்ச் 4, செவ்வாய்

யோசனைப் பெட்டியை இன்று திறந்தேன். ஒரு மாதமாகப் பூட்டி, ஏதோ பொக்கிஷம் மாதிரி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். உள்ளே இருந்தவை: ஒரு மிட்டாய்த் தாள், ஒரு கிழிந்த டிக்கெட், 'பெண்கள் கழிவறையில் குழாய் ஒழுகுகிறது' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டும் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரட்டும் என்று நானே எழுதிப் போட்டது.

நிர்வாகிகள் பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் வண்ணக் காகிதங்களைச் சுவரில் ஒட்டியபோது எல்லாம் சுலபமாகத்தான் தெரிந்தது. புதுமை, துணிவு, குழு. இங்கே வந்து நின்று, "என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்டால் நாலு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். கோளரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள். அண்ணாந்து பார்ப்பதுதான் தொழில். கூட்டம் என்றால் மட்டும் தரை.

"மேடம் எது சொன்னாலும் சரி," என்றார் எலெக்ட்ரீஷியன். புரொஜெக்டர் ஆபரேட்டர் தலையாட்டினார். ஓவியர் நகத்திலிருந்த நீலச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டிக்கெட் கவுன்ட்டர் பெண் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் உடனே, "சொல்லும்மா, சொல்லு, அதாவது நீ சொல்ல வர்றது..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் மூடிக்கொண்டாள்.

நிர்வாகக் குழுத் தலைவர் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஜூன் கடைசிக்குள்ள புது நிகழ்ச்சி ஒண்ணு வந்தாகணும். இல்லேன்னா ஹாலை வாடகைக்கு விட்டுடலாம்னு குழுவுல பேச்சு. நாற்காலியக் கழட்டிட்டா நல்ல இடம்."

நாற்காலியைக் கழற்றிவிட்டால்.

மார்ச் 5

வீட்டில் இவரிடம் புலம்பினேன். பல் வைத்தியர் வேறு எப்படிப் பேசுவார்? "எங்கிட்ட வாயைத் திறக்கிறாங்க, பேச முடியல. உங்கிட்ட பேச முடியும், வாயைத் திறக்கல. ரெண்டு பேரும் இடத்தை மாத்திக்கலாமா?" என்றார். சிரிப்பு வரவில்லை. அப்புறம் பாத்திரம் கழுவும்போது வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அலுவலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். அதனால் கூட்டத்தைக் குவிமாடத்துக்குள் வைத்தோம். பழையபடியே: நான் பேச, நாலு பேர் தலையாட்ட. திடீரென்று கரண்ட் போனது. அங்கே ஜன்னல் கிடையாது, இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. எலெக்ட்ரீஷியன் எழுந்த சத்தம் கேட்டது. "இருங்க, தானா வரும்," என்று யாரோ சொல்ல, உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டோம். பழக்கதோஷம், அந்த நாற்காலியில் வேறு எப்படி உட்காருவது?

நானும் பேசவில்லை. இருட்டில் யாரைப் பார்த்துப் பேச?

அப்போது ஒரு கிசுகிசுப்பு. "பிள்ளைங்கள ஏன் பேசக்கூடாதுன்னு சொல்றோம்?"

யார் என்று தெரியவில்லை. அந்தக் குவிமாடத்தில் மெல்லப் பேசினால் குரல் மேலே போய் வளைந்து வேறெங்கோ இறங்கும். கூரையே பேசியது போலிருந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு கிசுகிசுப்பு: "உள்ளே வந்ததும் அதுங்க கேக்கற கேள்விதான் நல்லாயிருக்கு. நாம உஷ்ஷுன்னு அடக்கிடறோம்." மூன்றாவதாக ஒன்று: "நம்ம வானத்துல ஊரே இல்ல. சுத்தி வெறும் கருப்பு. எங்க நின்னு பாக்கறோம்னே தெரியல."

கரண்ட் வந்ததும் மறுபடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் முகமெல்லாம் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

"விளக்கை அணைச்சுடலாமா?" என்று நானே கேட்டேன். வெட்கமாக இருந்தது. யாரும் மறுக்கவில்லை.

ஆபரேட்டர் மாலை நேரத்தைக் கொண்டுவரும் குமிழை மெல்லத் திருப்பினார். சிவப்பு, ஊதா, அப்புறம் ஒன்றிரண்டாக நட்சத்திரம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த முதல் நட்சத்திரம் வரும்போது சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன். பிறகு அதையும் அணைத்துவிட்டார்.

ஒப்பந்தம் ஒன்று தானாகவே உருவாகிவிட்டது. கிசுகிசுவென்றுதான் பேசவேண்டும். யார் சொன்னது என்று கேட்கக்கூடாது. சொல்வது கூரை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதுகூட, "கூரை இன்னிக்கு ஊரை வரையச் சொல்லுச்சு," என்றுதான் ஓவியர் சொன்னாள். அடிவானம் முழுக்க நம் ஊர்க் கட்டடங்களை வரைந்து சுற்றி வைத்தால்? தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம், துணி காயும் மொட்டை மாடிகள். பிள்ளைகள் தங்கள் வீட்டு மாடியிலிருந்தே வானத்தைப் பார்ப்பதுபோல. சொன்னது யாரோ, வரைய ஆசைப்படுவது அவள்.

வெளியே வந்தால் தெருவில் நாலு மணி வெயில். ஆட்களும் வண்டிகளும் ஏதோ தண்ணீருக்கடியில் போவதுபோல் மெதுவாகப் போனார்கள். நான் சாலையைக் கடக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 25

எட்டு யோசனை. எட்டும் கூரையுடையது. ஒன்றும் என்னுடையதில்லை, அதில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுத இஷ்டமில்லை. எழுதத்தான் வேண்டும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நிகழ்ச்சியின் நடுவில் எங்கே கேள்விக்கு இடம் விடுவது என்று பேச்சு. அப்போது கூரை சொன்னது: "முதல்ல அந்தக் குரலை எடுக்கணும். கேட்டாலே தூக்கம் வருது."

அந்தக் குரல் என்னுடையது. தினமும் ஓடும் 'விண்ணில் ஒரு மாலை' ஒலிப்பதிவு. எழுதியது நான், படித்தது நான். பத்தொன்பது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் என் குரலில்தான் வானம் பார்த்திருக்கிறார்கள். கடைத்தெருவில் நான் பேசினால் திரும்பிப் பார்த்து, "நட்சத்திரம் அக்காதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. யாரு அது? யாருன்னு தெரியணும் எனக்கு. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாதா?

விளக்கு சுவிட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. போட்டுவிட்டேன்.

நாலு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். டிக்கெட் பெண் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். எலெக்ட்ரீஷியன், "டீ வந்திருக்கும்," என்று எழுந்தார்.

அவள்தான். வேறு யார்.

ஏப்ரல் 3

என்ன தப்பு? என் கோளரங்கம், என் விளக்கு. கூரை சொல்லுது, கூரை சொல்லுதுன்னு ஒளிஞ்சுக்கிட்டு எதை வேணா சொல்லிடலாமா?

டிக்கெட் பெண் அரைநாள் விடுப்புக் கேட்டாள். முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விளக்கை அணைத்தோம். இருட்டு. நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10

இரண்டு பேர் டேப்போடு வந்து ஹாலை அளந்தார்கள். தலைவர் அனுப்பினாராம். ஒருவர் நாற்காலியின் காலைக் குனிந்து பார்த்து, "நாலு போல்ட்தான், சுலபம்," என்றார். ஆபரேட்டர் புரொஜெக்டரின் மேல் துணியைப் போர்த்திவிட்டு வெளியே போய்விட்டார். அது தூசுக்காகப் போடுகிற துணி. இன்று வேறு மாதிரி தெரிந்தது.

மதியம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. நாற்காலிகள் எல்லாம் தரையைவிட்டு மெல்ல எழும்பி மேலே போகின்றன. போய் அங்கங்கே நின்று கரடி, தேள் என்று நட்சத்திரக் கூட்டங்களாகின்றன. நான் கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் விளக்கைப் போட்டிருக்கக்கூடாது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

நாலு பேரும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். இதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம். "மேடம் எது சொன்னாலும் சரி" காலத்துக்கே போய்விட்டோம். இரண்டு நாள் வகுப்பில் இதற்கு வண்ணக் காகிதம் ஒன்றும் கொடுக்கவில்லை.

இவர் சொல்கிறார்: "ஒரு தடவ வலிச்சவங்க அப்புறம் பல் பாக்கற கண்ணாடியக் காட்டினாலே பல்லைக் கடிச்சுக்குவாங்க. வலிக்காதுன்னு நான் சொன்னா நம்புவாங்களா?"

"அப்ப என்ன செய்வீங்க?"

"எனக்கும் பல் பிடுங்கியிருக்கு, கத்தினேன்னு சொல்லுவேன்." கொஞ்சம் யோசித்து, "நிஜமாவே கத்தினேன்," என்றார்.

ஏப்ரல் 19, சனி

மூன்று மணிக் காட்சிக்குக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். முழுசாக உட்கார்ந்து கேட்டுப் பல வருடமாகிறது. எவ்வளவு நல்ல குரல் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன், பொய் எதற்கு.

மாலை இறங்கியது. முதல் நட்சத்திரம். என் குரல் வந்தது, வழவழவென்று, ஒரு மேடுபள்ளம் இல்லாமல். முன் வரிசையில் ஒரு குழந்தை, "அது ஏன் மினுக்குது?" என்று கேட்டது. குரல் அதைக் காதில் வாங்கவில்லை. அது பாட்டுக்கு வியாழனுக்குப் போய்விட்டது. அதற்கெப்படிக் காது இருக்கும்? கூட்டி வந்த டீச்சர், "உஷ்" என்றார்.

வியாழன் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒரு சின்னப் பெண் என் தோளைத் தட்டி, "ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு," என்றாள்.

தூங்கியிருக்கிறேன். என் குரலிலேயே.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடி விளக்கை அணைத்தோம். பிறகு நான் கிசுகிசுத்தேன்: "சனிக்கிழமை அந்தக் குரலைக் கேட்டு ஒருத்தி தூங்கிட்டா. வாய் திறந்து தூங்கினாளாம். ஒரு குழந்தை வந்து எழுப்பிச்சு."

அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்தது. இன்னொன்று. அப்புறம் கூரை முழுக்கச் சிரிப்பு.

"குரலை எடுத்துடுங்க," என்று கிசுகிசுத்தேன். எழுந்து, தடவித் தடவி வெளியே வந்து, அவர்களை உள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். இரண்டு டிக்கெட் விற்றேன், ஒன்றைத் தப்பாகக் கிழித்தேன். உள்ளே பேச்சுச் சத்தம். என்ன என்று கேட்கவில்லை. ஒட்டுக் கேட்கவும் இல்லை. சரி, கொஞ்சம் கேட்டேன். ஒன்றும் புரியவில்லை.

மே 6

செவ்வாய்தோறும் அவர்கள் நாலு பேரும் கூடுகிறார்கள், என்னை இன்னும் உள்ளே கூப்பிடவில்லை. ஓவியர் தினமும் மொட்டை மாடிக்குப் போகிறாள், உடம்பெல்லாம் சாயம். எலெக்ட்ரீஷியன் ஒயர் கேட்டார். எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்தேன்.

மே 20, செவ்வாய்

கூப்பிட்டார்கள்.

மாலை இறங்கியதும் சுற்றிலும் ஊர் எழுந்தது. தண்ணீர்த் தொட்டி, துணிகள், ஆண்டெனாக்கள். எலெக்ட்ரீஷியன் அந்த வீடுகளின் ஜன்னல்களுக்குள் கடுகளவு விளக்குகள் வைத்திருக்கிறார். வானம் கருக்கக் கருக்க அவை ஒவ்வொன்றாக எரிந்தன. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பேசவில்லை. நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், கடைசியில் தாங்காமல், "அந்தச் சிவப்பா இருக்கறது என்னது?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் காத்திருந்தோம்," என்று இருட்டில் டிக்கெட் பெண்ணின் குரல். கிசுகிசுப்பில்லை, சாதாரணக் குரல். ஆபரேட்டர் வானத்தைத் திருப்பி, சிவப்பை நடுவுக்குக் கொண்டுவந்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் தடுமாறினாள், சிரித்தாள், "இது எனக்கும் தெரியாது, பாத்துச் சொல்றேன்," என்றாள். எனக்கு ஒரு நிமிடம்கூடத் தூக்கம் வரவில்லை.

என் குரல் எங்கும் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் தட்டு எடுத்து வைத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

புது நிகழ்ச்சிக்கு முதல் பள்ளிக்கூடம் வந்தது. தலைவரும் வந்திருந்தார். ஜன்னல் விளக்குகள் எரிந்து முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "எங்க வீடு எது?" அதோடு தொடங்கியது. கேள்வியோ கேள்வி. ஆபரேட்டர் வானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி வேர்த்துப்போனார். பாதியில் தலைவரே, "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டார். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே வந்து, "வாடகைப் பேச்சை நிறுத்திடறேன்," என்றார். "ஆனா அடுத்தது எப்ப?"

ஜூன் 24, செவ்வாய்

குவிமாடத்தில் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓவியரின் தங்கையை டிக்கெட் பெண்ணே பழக்கி உள்ளே உட்கார வைத்திருக்கிறாள், குமிழைப் பிடித்தது எலெக்ட்ரீஷியன். அதனால் மற்றவர்கள் தேநீர் அறையில் கூடினோம். அடுத்த நிகழ்ச்சிக்கு என்னிடம் ஒரு யோசனை இருந்தது. மழைநாள் வானம். மேகத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று, பின்னணியில் இசை வைத்து. ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது. ஆசையாகச் சொன்னேன்.

"மழை நல்லாயிருக்கு மேடம். இசை வேணாம்," என்றாள் டிக்கெட் பெண், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே. "மறுபடி தூங்கிடுவாங்க."

"மேகம் நான் வரையமாட்டேன்," என்றாள் ஓவியர். "நிஜப் புகை விடலாம்."

எரிச்சலாக வந்தது. நல்ல இசை அது. அப்போது ஆபரேட்டர், கோப்பையில் சர்க்கரையைக் கலக்கியபடி, "அன்னிக்குத் தூக்கம் வருதுன்னு சொன்னது நான்தான் மேடம்," என்றார். "தினம் நாலு காட்சி. உங்க குரலை என்னைவிட அதிகமா யார் கேட்டிருப்பா?"

டிக்கெட் பெண்ணை இத்தனை நாள் முறைத்திருக்கிறேன். அவள் பக்கம் பார்த்தேன். அவள் புகைக்கு எவ்வளவு செலவாகும் என்று ஓவியரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன் ஆபரேட்டரிடம்.

"சொன்னேனே மேடம்."

ஆமாம், சொன்னார்தான். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குள் மற்ற இரண்டு பேரும் நிஜப் புகையா, வரைந்த மேகமா என்று சண்டை பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். டிக்கெட் பெண் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க சொல்லுங்க," என்றாள். நான் வாயெடுத்தேன். "இருங்க, இருங்க, நான் முடிச்சுக்கறேன்," என்று அவளே தொடர்ந்தாள்.

இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, அறை முழுக்க வெயில். எல்லோர் முகமும் நன்றாகத் தெரிந்தது.